எட்வர்டின் தோளில் முளைத்த ஆந்தைச் சிறகு

முதலில் அந்த ஆந்தையைக் காட்டிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

2008இல் வந்த ‘ட்வைலைட்’ முதல் படம். உயிரியல் வகுப்பு. ஊருக்குப் புதிதாக வந்த பெல்லா உள்ளே நுழைகிறாள். ஓரத்தில் சுழலும் ஃபேன் அவள் கூந்தலைப் பறக்கவிடுகிறது. அந்தக் காற்று நேரே போய் எட்வர்ட் கல்லனின் மூக்கில் மோத, பையன் வாந்தி வருவதுபோல முகத்தைப் பொத்திக்கொள்கிறான். கோடிக்கணக்கான பேர் உருகித் தீர்த்த காதல் தொடங்கும் இடம் இது. நாயகனுக்குக் குமட்டுகிறது! அங்கேயே படத்தை நிறுத்துங்கள். அவன் முகத்தை விடுங்கள், பின்னால் பாருங்கள். பாடம் செய்து வைத்த வெள்ளை ஆந்தை ஒன்று சிறகை விரித்து நிற்கிறது. கேமரா இருக்கும் கோணத்தில் அந்தச் சிறகுகள் எட்வர்டின் தோளிலிருந்து முளைத்த மாதிரியே தெரிகின்றன. ரத்தக்காட்டேரிக்குத் தேவதைச் சிறகு!

யாரோ ஒருவர் அந்த ஆந்தையைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து, ‘இன்னும் கொஞ்சம் இடது பக்கம், போதும் போதும்’ என்று சொல்லிச் சொல்லி நகர்த்தி வைத்திருக்க வேண்டும். அதுவும் துளிக்கூடச் சிரிக்காமல். நான் அந்த ஆளின் கட்சி. ‘ட்வைலைட்’ ரசிகையாக வேண்டுமானால் அமரக் காதலில் நம்பிக்கை வேண்டும் என்பார்கள். எனக்கு ஆர்ட் டைரக்‌ஷனில் இருந்த நம்பிக்கையே போதுமானதாக இருந்தது.

கதை தெரியாதவர்களுக்காக ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 17 வயது பெல்லா ஸ்வான், வெயில் கொளுத்தும் ஃபீனிக்ஸை விட்டுவிட்டு, மழை ஓயாத ஃபோர்க்ஸில் போலீஸ் தலைவராக இருக்கும் அப்பாவிடம் வந்து சேர்கிறாள். பள்ளியில் யாரோடும் ஒட்டாத ஐந்து அழகர்கள் இருக்கிறார்கள். அதில் ஒருவன் எட்வர்ட். பிறந்தது 1901. 1918இல் ஸ்பானிஷ் ஃப்ளூவில் சாகக் கிடந்தவனை டாக்டர் கார்லைல் கடித்துக் காப்பாற்றியதால் வயது 17லேயே நின்றுவிட்டது. இந்தக் குடும்பம் மனித ரத்தம் தொடாது. மானையும் மலைச்சிங்கத்தையும் வேட்டையாடி வயிற்றைக் கழுவிக்கொண்டு, தங்களைச் ‘சைவம்’ என்று வேறு சொல்லிக்கொள்ளும். வெயில் பட்டால் சாம்பலாக மாட்டார்கள், மின்னுவார்கள். போட்டிக்கு ஓநாயாக மாறும் ஜேக்கப். நான்கு நாவல்கள், ஐந்து படங்கள். அவ்வளவுதான்.

இந்த ‘அவ்வளவுதான்’ 16 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. ஐந்து படங்களும் சேர்ந்து உலகமெங்கும் 330 கோடி டாலருக்கு மேல் அள்ளியிருக்கின்றன. எம்டிவி திரைப்பட விருதுகளில் 2009 முதல் 2012 வரை நான்கு வருடமும் சிறந்த படம் இந்தத் தொடருக்குத்தான். அடுத்த வருடம் மோசமான சினிமாவுக்கான ராஸி விருதுகளில் கடைசிப் படம் ஏழு விருதுகளை வாரிக்கொண்டது. அந்த வருடத்தின் மோசமான படம் என்ற கிரீடமும் அதில் அடக்கம். ஸ்டீஃபன் கிங்கோ, ஸ்டெஃபனி மேயருக்கு எழுதவே வராது என்று பேட்டியில் போட்டு உடைத்தார். 2009 சான் டியேகோ காமிக்-கானில் ‘ட்வைலைட் வந்து எங்கள் விழாவைக் கெடுத்துவிட்டது’ என்று அட்டை பிடித்தார்கள். சூப்பர்மேன் பனியன் போட்ட பெரியவர்கள் கூடுகிற விழா அது! பதின்வயதுப் பெண்கள் கூட்டமாகக் கத்தினால் மட்டும் சிலருக்கு ஏன் காது வலிக்கிறதோ.

சரி, பின்வாசல் வழியாக உள்ளே போவோம்.

2003 ஜூன் 2. அரிஸோனா. மூன்று சின்னப் பையன்களை வளர்த்துக்கொண்டிருந்த ஸ்டெஃபனி மேயருக்கு ஒரு கனவு வருகிறது. காட்டுக்குள் ஒரு புல்வெளி. சாதாரணப் பெண் ஒருத்தியும், வெயிலில் மின்னுகிற பேரழகன் ஒருவனும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவனுக்கு அவள்மேல் கொள்ளைக் காதல். அதே சமயம் அவள் ரத்த வாசனை அவனைக் கொல்லாமல் கொல்கிறது. விழித்ததும் மறந்துபோகுமுன் எழுதி வைத்தார். அதுதான் முதல் நாவலின் 13ஆம் அத்தியாயம். அங்கிருந்து முடிவு வரை எழுதிவிட்டு, பிறகுதான் திரும்பி வந்து முதல் 12 அத்தியாயங்களையும் எழுதினார். மூன்றே மாதம். முதல் வாசகி அவருடைய அக்கா.

இது தெரிந்த பிறகு நாவலை மறுபடி புரட்டினால் குஷியாக இருக்கிறது. முன்பாதி முழுக்க அந்தப் புல்வெளிக்கு ரோடு போடுகிற வேலைதான் நடக்கிறது. கேன்டீன் பார்வை, விபத்தில் கையாலேயே வேனை நிறுத்துவது எல்லாம் அதற்கான ஜல்லி. இந்தக் கதையில் வில்லன் இவ்வளவு தாமதமாக ஏன் வருகிறான் என்று விமர்சகர்கள் அலுத்துக்கொள்வார்கள். கனவில் வில்லன் இல்லையே! கண் விழித்த ஒருவர் ‘நாவல் என்றால் வில்லன் வேண்டுமாமே’ என்று யோசித்துக் கடைசி மூன்றிலொரு பங்கில் ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். ஒட்டு வேலை பளிச்சென்று தெரிகிறது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

மேயர் அதற்கு முன் ‘டிராகுலா’வைப் படித்ததே இல்லை. ரத்தக்காட்டேரிக் கதைகளின் சட்டப் புத்தகத்தைத் திறக்காமலே உள்ளே நுழைந்துவிட்டார். கோரைப்பல் கிடையாது, சவப்பெட்டியில் தூக்கம் கிடையாது, தூக்கமே கிடையாது. பைபிள்போல டிராகுலா பரம்பரையைப் போற்றுகிறவர்களுக்கு வெயிலில் மின்னுகிற சமாசாரம் இன்றைக்கும் தொண்டையில் முள். மேயர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர். அவருடைய தேவதைகள் எல்லாம் வேறு அலமாரியில் இருந்தார்கள். எட்வர்ட் என்ற பெயர் ‘ஜேன் அய்ர்’ ரோசெஸ்டரிடமிருந்தும் ஜேன் ஆஸ்டினின் ஃபெர்ரர்ஸிடமிருந்தும் வந்தது. இஸபெல்லா, அவர் தனக்குப் பெண் பிறந்தால் வைக்க வேண்டும் என்று பத்திரப்படுத்தியிருந்த பெயர். பிறந்தது மூன்றும் பையன்கள்.

ஊர் எப்படிக் கிடைத்தது தெரியுமா? வெயிலில் மின்னுகிறவர்கள் ஒளிந்து வாழ மேகமூட்டம் வேண்டும். அமெரிக்காவில் மழை அதிகம் பெய்கிற இடம் எது என்று கூகுளில் தேடினார். வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தீபகற்பம் வந்தது. வரைபடத்தில் ஃபோர்க்ஸ் என்ற பெயர் கண்ணில் பட்டது. அந்த ஊரில் கால் வைக்காமலே நாவலை முடித்தார். முதலில் நாவலுக்கே ‘ஃபோர்க்ஸ்’ என்றுதான் பெயர். நல்லவேளை, பிறகு மாற்றிவிட்டார்கள். இல்லாவிட்டால் முள்கரண்டிக் காதலுக்கு இவ்வளவு பேர் உருகியிருப்பார்களா?

15 இலக்கிய ஏஜென்ட்டுகளுக்குக் கடிதம் போட்டார். ஒன்பது பேர் மறுத்தார்கள், ஐந்து பேர் பதிலே போடவில்லை. மிச்சமிருந்த ஒரே இடத்திலிருந்து வந்த அழைப்பு, மூன்று புத்தகங்களுக்கு ஏழரை லட்சம் டாலர் ஒப்பந்தமாக முடிந்தது. 2005 அக்டோபர் 5 அன்று, கறுப்பு அட்டையில் இரண்டு வெளுத்த கைகள் ஏந்திய சிவப்பு ஆப்பிளோடு புத்தகம் வந்தது. மூன்று வருடம் கழித்து நான்காவது நாவல் வந்தபோது அமெரிக்காவில் மட்டும் முதல் நாளிலேயே 13 லட்சம் பிரதிகள் போயின.

இப்போது சினிமாவுக்கு வருவோம். எனக்குக் கை பரபரக்கிற இடம் இது.

படமாக்கும் உரிமையை முதலில் வாங்கியது பாரமவுண்டின் எம்டிவி ஃபிலிம்ஸ். அவர்கள் எழுதி வைத்திருந்த திரைக்கதையில் பெல்லா ஓட்டப்பந்தய வீராங்கனை! சமதரையில் நாலடி நடந்தால் தடுக்கி விழுகிற பெல்லா! ஜெட் ஸ்கீயும் எஃப்பிஐயும்கூட உண்டாம். அந்தத் திரைக்கதை குப்பைக்குப் போனது நம் புண்ணியம். பிறகு சம்மிட் என்ற சின்ன நிறுவனம் எடுத்துக்கொண்டது. மெலிஸா ரோஸன்பெர்க் புதிதாகத் திரைக்கதை எழுதினார். இயக்க வந்தவர் கேத்தரின் ஹார்ட்விக்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஹார்ட்விக் கட்டடக்கலை படித்தவர். இயக்குநர் ஆவதற்கு முன் ‘டூம்ஸ்டோன்’, ‘த்ரீ கிங்ஸ்’, ‘வெனிலா ஸ்கை’ படங்களுக்கெல்லாம் தயாரிப்பு வடிவமைப்பாளர். அந்த ஆந்தை அங்கே சும்மா வந்து உட்காரவில்லை, புரிகிறதா? நாவலில் கல்லன் குடும்பத்தின் வீடு நூறு வருடப் பழைய வெள்ளை மாளிகை. ஹார்ட்விக் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, போர்ட்லண்டில் மரங்களுக்கு நடுவே கண்ணாடியும் மரமுமாக நிற்கும் நவீன வீடு ஒன்றைப் பிடித்தார். ஹோக் ஹவுஸ் என்று பெயர். வெயிலுக்கு ஒளிய வேண்டியவர்கள் சுவரெல்லாம் கண்ணாடியாக வாழ்கிறார்கள். லாஜிக் பார்த்தால் தவறு, பார்க்க என்ன அழகு! அந்த வீட்டுச் சுவரில் பட்டமளிப்புத் தொப்பிகளைச் சட்டத்துக்குள் ஒட்டி ஓவியம் மாதிரி மாட்டியிருப்பார்கள். எத்தனை தடவை அதே பன்னிரண்டாம் வகுப்பைப் படித்துத் தொலைத்திருக்கிறார்கள் என்பதற்கான சோகச் சான்றிதழ். ஒரு வசனமும் இல்லாமல் நூறு வருட அலுப்பைச் சொல்லியாகிவிட்டது.

பெல்லாவுக்குக் கிரிஸ்டன் ஸ்டூவர்ட் வேண்டும் என்று ஹார்ட்விக் முடிவெடுத்தபோது, அவர் பிட்ஸ்பர்க்கில் வேறு படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். இயக்குநரே விமானம் ஏறிப் போய் ஆடிஷன் எடுத்தார். எட்வர்ட் தேடல் இன்னும் பெரிய கூத்து. கடைசிச் சுற்றுக்கு வந்த பையன்களை ஹார்ட்விக் கலிஃபோர்னியாவில் வெனிஸ் என்ற இடத்திலிருக்கும் தன் வீட்டுக்கே வரவழைத்தார். முத்தக் காட்சிக்கான ஆடிஷன் நடந்தது அவருடைய சொந்தக் கட்டிலில். ராபர்ட் பாட்டின்ஸன் உணர்ச்சிவசப்பட்டுக் கட்டிலிலிருந்து கீழே உருண்டு விழுந்தார். ‘பாட்டின்ஸன்தான் வேண்டும்’ என்று ஸ்டூவர்ட் ஒற்றைக் காலில் நின்றார். ‘ஹாரி பாட்டர்’ நான்காம் படத்தில் செத்துப்போன செட்ரிக் டிகரியா எட்வர்ட் என்று ரசிகைகள் கொதித்துப்போய்க் கையெழுத்து இயக்கமே நடத்தினார்கள். அதில் கையெழுத்துப் போட்ட எத்தனை பேர் அதே முகத்தைச் சுவரில் ஒட்டி வைத்தார்களோ!

பாட்டின்ஸன் எட்வர்டை நூறு வருடத் துக்கத்தைச் சுமக்கிற மனிதனாகப் பார்த்தார். இவனுக்குச் சிரிப்பு எங்கே வரும்? ஷூட்டிங்கில் சிரிக்கவே மறுத்துவிட்டார். தயாரிப்பாளர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. கடைசியில் நாவலில் எட்வர்ட் சிரிக்கிற இடமெல்லாம் கோடிட்ட ஒரு பிரதி அவர் கைக்கு வந்தது: படி, சிரி. வேலையே போயிருக்கும் என்ற நிலைமை என்று அவரே பின்னால் பல பேட்டிகளில் சொல்லிச் சிரித்திருக்கிறார். படத்தில் அவர் சிரிக்கிறபோதெல்லாம் பல்வலிக்காரன் மாதிரி இருக்கிறதே, அதற்குக் காரணம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பேட்டிகளில் தன் படத்தையே இவ்வளவு கிண்டலடித்த நாயகனையும் நான் பார்த்ததில்லை. இதில் வேடிக்கை, ரசிகைகளுக்கு அந்தப் பேட்டிகள் படத்தைவிடப் பிடிக்கும்.

கண்ணைப் பாருங்கள். எட்வர்டின் தங்கநிறக் கண் காண்டாக்ட் லென்ஸ். பெல்லாவின் பழுப்புக் கண்ணும் லென்ஸ். ஸ்டூவர்டின் கண் உண்மையில் பச்சை. ஆக, ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து உருகும் காட்சிகளில் பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும்தான் உருகிக்கொண்டிருக்கின்றன. ஜேக்கப்பின் நீளமுடி விக். நல்ல விக் என்று மனசாட்சியோடு சொல்ல முடியாது.

பட்ஜெட் 3.7 கோடி டாலர். ஹாலிவுட் கணக்கில் சின்னப் பணம். படப்பிடிப்பு பெரும்பாலும் ஆரிகன் மாநிலத்தில், 2008 வசந்தத்தில் நடந்தது. ஸ்டூவர்டுக்கு அந்த ஏப்ரல் 9 அன்றுதான் 18 வயது. அதுவரை சட்டப்படி அவர் வேலை நேரத்துக்கு வரம்பு. இதோடு வானிலை. கதைக்கு இருண்ட வானமும் தூறலும் வேண்டும் என்று மழைக்குப் பேர்போன இடத்துக்குப் போனால், ஒரே நாளில் வெயில், மழை, ஆலங்கட்டி, பனி எல்லாம் மாறி மாறி வருகின்றன. சூரியன் எட்டிப் பார்த்தால் கேமராவை மூடிவைக்க வேண்டியதுதான். உண்மையான ரத்தக்காட்டேரிகள்கூட வெயிலுக்கு இவ்வளவு பயந்திருக்க மாட்டார்கள்!

இத்தனை நெருக்கடிக்கு நடுவில்தான் அந்தக் கேன்டீன் காட்சியை எடுத்திருக்கிறார்கள். கல்லன் குடும்பம் ஜோடி ஜோடியாகக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறது. தோழி ஜெஸிகா ஒவ்வொருவராக அறிமுகப்படுத்துகிறாள். கடைசியாக, தனியாக, எட்வர்ட். நம் ஊரில் முதல் நாள் முதல் காட்சி பார்த்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சுத்தமான ஹீரோ என்ட்ரி. விசில் மட்டும்தான் பாக்கி. ஜெஸிகாவாக வாயாடுவது அன்னா கெண்ட்ரிக். அடுத்த வருடம் வந்த வேறு படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை வரை போனார். இதே கேன்டீனில் பெல்லா தவறவிடும் ஆப்பிளை எட்வர்ட் இரண்டு கையாலும் ஏந்திப் பிடிப்பான், அச்சு அசல் புத்தக அட்டை. படித்தவர்கள் கிறுகிறுத்துப்போக வேண்டும் என்பதற்காகவே வைத்தது. நான் கிறுகிறுத்தேன்.

அப்புறம் பேஸ்பால். ஐயோ, அந்த பேஸ்பால்! காட்டேரிகள் அசுர பலத்தோடு பந்தை அடித்தால் இடிச் சத்தம் கேட்கும். அதனால் இடி இடிக்கிற நாளில் மட்டும்தான் விளையாட முடியும் என்பது மேயரின் ஏற்பாடு. யோசித்துப் பார்த்தால் இதைவிட அபத்தமும் இல்லை, இதைவிட அழகான குடும்பச் சுற்றுலாவும் இல்லை. கொலம்பியா நதிப் பள்ளத்தாக்கின் பச்சைக்கு நடுவே நடிகர்களைக் கம்பியில் கட்டிப் பறக்கவிட்டார்கள். விளையாட்டே வராத பாட்டின்ஸன் பேஸ்பால் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பின்னணியில் ம்யூஸ் இசைக்குழுவின் பாட்டு. நாவல் எழுதும்போது மேயர் காதில் ஓடிக்கொண்டிருந்தது அந்தக் குழுவின் இசைதான். கனவு கண்ட பெண்மணியின் ஹெட்ஃபோனில் இருந்த பாட்டு, அவர் கனவுக்கே பின்னணி இசையாகத் திரையில் வருகிறது. அந்த இரண்டு நிமிடத்தைப் பார்த்தபிறகும் ‘எனக்கு ஒன்றும் தோன்றவில்லை’ என்பவர்களோடு பேச எனக்கு விஷயமில்லை.

இசையில் இன்னும் இரண்டு ரகசியம். கடைசி நடனக் காட்சியில் வரும் அயர்ன் அண்ட் வைன் பாட்டைப் பரிந்துரைத்தது ஸ்டூவர்ட். எட்வர்ட் பெல்லாவின் விஷத்தை உறிஞ்சி எடுக்கும் காட்சியில் முனகலாக ஒரு குரல் பாடுகிறதே, அது பாட்டின்ஸனே. பெல்லா சாகக் கிடக்க, எட்வர்ட் அவள் கையைக் கடிக்க, பின்னணியிலும் எட்வர்டே பாட!

இன்னொன்றையும் கவனியுங்கள். பெல்லாவும் அப்பா சார்லியும் சாப்பிடும் அந்தச் சின்ன ஹோட்டலில், கவுன்ட்டரில் லேப்டாப்போடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். பரிமாறுகிறவர் அவரிடம் சைவச் சாப்பாட்டுத் தட்டை நீட்டுவார். ஸ்டெஃபனி மேயர்தான். இடம் ஆரிகனில் உள்ள கார்வர் கஃபே. சார்லியைச் சொன்னேனே: மீசை, பீர், துப்பாக்கி, மகளிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேச வராத பாசம். பில்லி பர்க் நடித்த இந்த அப்பாதான் ஐந்து படங்களிலும் சிறந்த கதாபாத்திரம். எட்வர்ட் கட்சியா, ஜேக்கப் கட்சியா என்று உலகம் இரண்டாகப் பிரிந்து கிடந்தபோது நான் சார்லி கட்சி.

2008 டிசம்பரில் வருவதாக இருந்த படம், ‘ஹாரி பாட்டர்’ அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனதும் நவம்பர் 21க்கு முந்திக்கொண்டது. முதல் வாரக் கடைசி ஓபனிங் 6.96 கோடி டாலர். போட்ட காசு மூன்றே நாளில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! பெண் இயக்குநர் ஒருவர் எடுத்த படத்துக்கு அதுவரை அப்படி ஓர் ஓபனிங் கிடைத்ததில்லை. அடுத்த நான்கு படங்களையும் இயக்கியது ஆண்கள். அதில் பணம் கூடியது, விக் மேம்பட்டது, கிராஃபிக்ஸ் ஓநாய்கள் வந்தன; நீலப் பச்சை மூட்டம் மட்டும் போய்விட்டது. இரண்டாம் படம் தங்க நிறத்துக்கு மாறியது. அழகுதான். ஆனால் அந்த ஈரமான, ஜலதோஷம் பிடித்த நீலத்துக்கு ஈடாகுமா?

ரசிகையாக இருந்துகொண்டே பல்லைக் கடிக்க வேண்டிய இடங்களும் நிறைய. தொடரை வெறுப்பவர்களைவிட நாங்களே அவற்றை நன்றாகப் பட்டியல் போடுவோம். பெல்லா தூங்கும்போது எட்வர்ட் ஜன்னல் வழியே வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் பார்வையிலிருந்து அதே கதையைச் சொல்லும் ‘மிட்நைட் சன்’ நாவலில் ஜன்னல் சத்தம் போடுகிறது என்று எண்ணெய் போடவும் யோசிக்கிறான். போலீஸ் தலைவரின் வீடு அது, சார்லி என்ன செய்துகொண்டிருந்தார்? கடைசி நாவலில் ஜேக்கப், பெல்லாவுக்குப் பிறந்த கைக்குழந்தையைப் பார்த்த மாத்திரத்தில் விதி அவனை அதனோடு பிணைத்துவிடுகிறது. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை விட்டெறியாத ரசிகை கிடையாது. எறிந்துவிட்டு எழுந்து போய் எடுத்து வந்து மறுபடி படித்தோம், அது வேறு. பெல்லா எப்போதும் காப்பாற்றப்பட வேண்டியவளாகவே இருக்கிறாளே என்ற புகாருக்கு மேயர் 2015இல் ஒரு பதில் வைத்தார்: முதல் நாவலையே ஆண்-பெண் மாற்றி எழுதி வெளியிட்டார். அதில் தடுக்கி விழுகிறவன் பையன்.

எல்லாவற்றையும் சிரித்துக் கடக்க முடியாது. ஜேக்கப்பின் இனமாக வரும் குவிலியூட் மக்கள் கற்பனை இல்லை. ஃபோர்க்ஸுக்குப் பக்கத்தில் லா புஷ் என்ற கடலோரக் கிராமத்தில் வாழ்கிற, 2012 வரை ஏறக்குறைய ஒரு சதுர மைல் நிலமே இருந்த பழங்குடி. ஓநாய்களிலிருந்து தங்கள் முன்னோர் உருவானதாகச் சொல்லும் தொன்மம் அவர்களுடையது. சட்டையில்லாமல் ஓடி ஓநாயாக வெடிக்கும் இளைஞர்கள் மேயருடையவர்கள். நாவல் எழுதும்போது அவர்களைக் கேட்கவில்லை. அவர்கள் பெயரில் உலகமெங்கும் நகையும் சட்டையும் விற்றபோதும் கேட்கவில்லை. சியாட்டிலின் பர்க் அருங்காட்சியகம் அந்த மக்களோடு சேர்ந்து, எது உண்மை, எது ‘ட்வைலைட்’ என்று பிரித்துக் காட்டும் வேலையைச் செய்தது. சுனாமி அபாயத்தில் இருந்த கிராமத்தை மேட்டுநிலத்துக்கு மாற்றுவதற்காக ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் நிலத்தில் ஒரு பகுதியை அவர்களுக்குத் திருப்பித் தரும் சட்டத்தில் 2012இல் ஒபாமா கையெழுத்திட்டார். 2022இல் அவர்களுடைய புதிய பள்ளிக்கூடம் மேட்டில் திறக்கப்பட்டது. ஜேக்கப் கட்சி பனியன் வாங்கியவர்கள் இதையும் ஒரு தடவை தேடிப் படிக்கலாம்.

ஃபோர்க்ஸின் கதை வேறு மாதிரி. சுமார் 3,500 பேர் வாழும் மரம் வெட்டும் ஊர். 1990இல் புள்ளி ஆந்தை அழியும் அபாயத்திலுள்ள பறவையாகப் பட்டியலிடப்பட்டதும் (மறுபடியும் ஆந்தை!) காடுகளில் வெட்டுக்குக் கட்டுப்பாடு வந்து தொழில் சரிந்தது. வருமானம் தேடித் தவித்த ஊருக்கு, அங்கே காலே வைக்காத ஒரு பெண்மணியின் கனவு வந்து சேர்ந்தது. 2010இல் 70,000 பேருக்கு மேல் வந்தார்கள். படத்தின் முக்கியப் படப்பிடிப்பு எதுவும் அங்கே நடக்கவில்லை என்பது வருகிறவர்களுக்குப் பொருட்டே இல்லை. பெல்லாவின் சிவப்பு டிரக்கைச் சுற்றுலா மையத்து வாசலில் நிறுத்தி வைத்தார்கள். பெல்லா பிறந்த நாளான செப்டம்பர் 13ஐ ஒட்டி வருடா வருடம் விழா. பக்கத்து போர்ட் ஏஞ்சலஸில், நாவலில் பெல்லா சாப்பிட்ட காளான் ராவியோலியைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அந்தக் காட்சியில் எட்வர்ட் ஒன்றும் சாப்பிடுவதில்லை. நல்ல பையன், செலவில்லை.

ஃபோர்க்ஸின் காட்சியகத்தில்தான் இந்தத் தொடரின் ஆகப் பெரிய பொக்கிஷமும் வைக்கப்பட்டது. பெல்லாவுக்கும் எட்வர்டுக்கும் பிறக்கும் குழந்தை ரெனெஸ்மே. (பெல்லாவின் அம்மா ரெனே, எட்வர்டின் வளர்ப்பு அம்மா எஸ்மே; இரண்டு பாட்டிகளையும் ஒட்டவைத்த பெயர்.) பிறந்த உடனேயே முழு அறிவோடு பார்க்கும் அந்தக் குழந்தைக்காகப் படக்குழு இயந்திர பொம்மை ஒன்றைச் செய்தது. கண்ணை உருட்டும், கையை நீட்டும். செட்டில் எல்லாருக்கும் குலை நடுங்கியது. கொலைகார பொம்மை ‘சக்கி’ ஞாபகத்தில் ‘சக்கெஸ்மே’ என்று பெயர் வைத்துவிட்டு, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு கிராஃபிக்ஸில் குழந்தை செய்தார்கள். படத்தில் இருக்கும் கிராஃபிக்ஸ் குழந்தையும் பயங்கரமாகத்தான் இருக்கிறது. அப்படியானால் நிராகரிக்கப்பட்டது எப்படி இருந்திருக்கும்? படங்களைத் தேடிப் பாருங்கள். ராத்திரியில் வேண்டாம்.

இத்தனையும் சொல்லி உங்களை ஐந்தாம் படம் வரை தள்ளிக்கொண்டு வந்தாகிவிட்டது. கிளைமாக்ஸ் பனிவெளியில் கல்லன் கூட்டமும் இத்தாலியக் காட்டேரிக் கூட்டமும் எதிரெதிரே நிற்கும். நாவலில் அங்கே சண்டையே கிடையாது, பேசித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். திரையில் தலைகள் உருள்கின்றன. புத்தகம் படித்துவிட்டு, எல்லாம் தெரியும் என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தவர்கள்தான் அரங்கில் முதலில் அலறினார்கள். ஏன், எப்படி என்பதைச் சொல்ல மாட்டேன். கூட்டத்தில் எகிப்திலிருந்து வந்த பையனாக நிற்பவர், பிற்பாடு ஆஸ்கர் வாங்கிய ராமி மாலெக். அவரைத் தேடிக் கண்டுபிடிப்பது உங்கள் வீட்டுப்பாடம். அதற்குக் கொஞ்சம் முன்னால், குழந்தையை நெருங்கிப் பார்க்கும் இத்தாலியக் காட்டேரித் தலைவன் ஆரோ ஒரு சிரிப்புச் சிரிப்பான். மைக்கேல் ஷீன் என்ற தேர்ந்த மேடை நடிகர், நடிப்புப் பயிற்சி மொத்தத்தையும் ஒரே மூச்சில் கொட்டிச் சிரிக்கிற கிறீச்சுச் சிரிப்பு. வால்யூமைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.